ஒப்புக்கொண்ட ஜெபம்

தோளில் யாரோ தொட்டதும் இஸ்திரிக்காரர் தலையைத் தூக்கினார். எங்கே இருக்கிறோம் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. எதிரே பீடத்தின்மேல் சூரியக் கதிர்போல விரிந்த கதிர்ப்பாத்திரம், அதன் நடுவில் வெள்ளை வட்டமாக நற்கருணை அப்பம், இரண்டு பக்கமும் அணையாத மின் மெழுகுதிரிகள். முழங்கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. பக்கத்தில் ஒரு பெண் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். அவள் உடுப்பைப் பார்த்ததுமே இரண்டு நாளாக மாற்றாதது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தொழில் அப்படி. முழங்கை மடிப்பிலும் இடுப்பிலும் விழுந்திருந்த சுருக்கங்கள், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறவர்களுக்கு விழுகிற சுருக்கங்கள்.

"மன்னிச்சுக்குங்கண்ணா. ஜெபத்துல இருக்கும்போது கலைச்சுட்டேன்," என்றாள்.

அவருக்கு நாக்கு இன்னும் தூக்கத்தில் தடித்துக் கிடந்தது. கண்கள் சிவந்து நீர் கோத்திருப்பது அவருக்கே தெரிந்தது. அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள், உடனே தன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். ஒரு மனிதன் அழுததைப் பார்த்துவிட்டவர்கள் தாழ்த்திக்கொள்வதைப்போல.

"என் வீட்டுக்காரர் பெயிண்டர். சாரம் சரிஞ்சு விழுந்துட்டார். தலையில அடி. கண்ணைத் திறக்கல. ஆஸ்பத்திரி இதோ பின்னாடிதான். எனக்கு ஜெபம் சொல்ல வரலண்ணா. வாயைத் திறந்தா அழுகைதான் வருது. நீங்க தினமும் இங்க இருக்கறதைப் பார்த்திருக்கேன். அவருக்காக நீங்க சொல்லுங்க."

"சரிம்மா. சொல்றேன்," என்றார் இஸ்திரிக்காரர்.

வேறு என்ன சொல்வது? இல்லையம்மா, நான் இங்கே தூங்கத்தான் வருகிறேன் என்று சொல்ல முடியுமா? அவள் கைகூப்பிவிட்டுப் போனாள். கதவு ஓசையில்லாமல் மூடிக்கொண்டது.

கோவிலுக்குப் பின்தெருவில் இருந்த சலவை நிலையத்தில் அவருக்கு வேலை. தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளும், அலுவலகம் போகிறவர்களின் சட்டைகளும் மலைபோல வந்து குவியும் இடம். காலையிலிருந்து நீராவிப் பெட்டியோடு நின்றே வேலை. கொதிகலன் ஒரு சுவரை முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது. நடுப்பகலில் அந்த அறையில் மூச்சு விடுவதே ஈரத்துணியை விழுங்குவதுபோல இருக்கும். போன கோடையில் ஒரு நாள் தலைசுற்றல் தாங்காமல் வெளியே வந்து நடந்தவர், கோவிலை ஒட்டியிருந்த ஆராதனைச் சிற்றாலயத்தின் கதவைத் தள்ளினார். உள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் வந்து மோதியது. அவ்வளவுதான். அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் அவசர அவசரமாக நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு அங்கே போய்விடுவார்.

உட்கார்ந்து தூங்கினால் தலை தொங்கும், பார்ப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். முழந்தாளிட்டு, முன்பெஞ்சின் சாய்வில் கைகளை மடித்து வைத்து, நெற்றியை அதில் புதைத்துக்கொண்டால் யாருக்கும் சந்தேகம் வராது. இந்தக் கோலத்தில் தூங்குவதற்குப் பழகச் சில நாள் பிடித்தது. பழகிய பிறகு அதைவிடச் சுகமான தூக்கம் அவருக்கு வீட்டுக் கட்டிலில்கூட வாய்க்கவில்லை. விளையாட்டுப்போலத் தொடங்கியது, ஊர் கண்ணுக்கு வேறு ஒன்றாக வளர்ந்துவிட்டது. சலவை நிலையத்தில் அவரைச் சாமியார் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். முதலில் கிண்டலாக. பிறகு அந்தக் கிண்டலில் கொஞ்சம் மரியாதையும் சேர்ந்துகொண்டது. அவர் முன்னால் யாரும் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது தெரியாத பெண்கள் அவருடைய மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் கிடைக்கணுமே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மனைவி சிரித்துத் தலையாட்டுவாள். அவர் செருப்பைத் தேடுவதுபோல எங்கேயாவது பார்த்துக்கொண்டு நிற்பார்.

பெயிண்டருக்காக ஜெபிக்க வேண்டும் என்று அவர் நினைக்காமல் இல்லை. மறுநாள் அந்த நினைப்போடுதான் உள்ளே போனார். முழந்தாளிட்டார், சிலுவை அடையாளம் போட்டார், தலையைச் சாய்த்தார். அங்கேதான் தப்பு நடந்தது. தலையைச் சாய்த்தால் தூங்க வேண்டும் என்று உடம்பு மனப்பாடம் செய்து வைத்திருந்தது. பரலோகத்திலிருக்கிற என்பதற்கு அடுத்த சொல்லைக் கண்டுபிடிப்பதற்குள் கண் இருட்டிவிட்டது. விழித்தபோது சட்டைக் கையில் எச்சில் ஈரம். வேலைக்கு நேரமாகிவிட்டிருந்தது. நாளைக்குச் சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஓடினார். அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாள் பெயிண்டரின் நினைப்பே வரவில்லை.

அந்த வார முடிவில் சிற்றாலயத்தின் வாசலில் அவள் காத்துக்கொண்டு நின்றாள். தலை வாரியிருந்தாள், உடுப்பும் மாற்றியிருந்தாள்.

"நேத்து விரலை அசைச்சாருண்ணா. நர்ஸ்கூடப் பார்த்தாங்க," என்றாள். "எல்லாம் நீங்க சொன்ன ஜெபம்தான். எனக்கு இப்ப பயமே இல்ல. நான் அங்க சும்மா உக்காந்திருக்கேன், நீங்க இங்க இருக்கீங்கன்னு நினைச்சுப்பேன், மனசு அடங்கிடுது."

"ஆண்டவருக்கு நன்றி சொல்லும்மா. நம்ம கையில என்ன இருக்கு," என்றார் அவர்.

பிரசங்கத்தில் சொல்வதுபோலத் தணிந்த குரலில், கண்ணை லேசாக மூடிக்கொண்டு சொன்னார். சொன்ன விதம் அந்தச் சமயத்தில் அவருக்கே பிடித்திருந்தது. உள்ளே போய் முழந்தாளிட்ட பிறகும் அந்தக் குரல் காதில் இனித்துக்கொண்டிருந்தது. பிறகுதான், சட்டைக்குள் எறும்பு புகுந்ததைப்போல, அது அவரைக் கடிக்கத் தொடங்கியது. அன்றைக்கு முதல் முறையாக அந்த இடத்தில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஜெபமும் வரவில்லை. நிமிர்ந்து பார்க்கவும் பயமாக இருந்தது. தூங்குகிற ஆளை இத்தனை மாதமாக ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்த அந்த வெள்ளை வட்டத்தின் எதிரே, தூங்காமல் இருப்பதுதான் கஷ்டம் என்று அவருக்குத் தெரிந்தது. பாதியில் எழுந்து வந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அவர் சிற்றாலயத்துக்குப் போகவில்லை. கொதிகலனுக்குப் பக்கத்திலேயே கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கறை எடுக்கிற அம்மா, "என்ன சாமியாரே, லீவா?" என்று கேட்டாள். முட்டி வலி என்றார். அது இன்னொரு பொய். ஒரு பொய்யை விட்டு விலகலாம் என்று பார்த்தால் அது குட்டி போட்டுக்கொண்டே கூட வருகிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது வீட்டு வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. துண்டோடு வெளியே வந்தார். பெயிண்டரின் மனைவி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"உங்களைக் காணோம்னு கோவில்ல விசாரிச்சு வந்தேண்ணா. உடம்புக்கு ஏதாவதோன்னு பயந்துட்டேன்."

"ஒண்ணும் இல்லம்மா. வேலை ஜாஸ்தி."

அவள் தண்ணீர் டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தாள். கேட்கலாமா கூடாதா என்று தயங்குவது தெரிந்தது. "குத்தம் சொல்றேன்னு நினைக்காதீங்க. நீங்க வராத நாள்லதான் அவருக்குக் காய்ச்சல் ஏறிடுச்சு. நெஞ்சுல சளி கட்டியிருக்குன்னு டாக்டர் சொல்றார். உங்களுக்கும் வேலை இருக்கு, குடும்பம் இருக்கு. ஆனா எனக்கு வேற யார்கிட்டக் கேக்கறதுன்னு தெரியல. முடிஞ்சப்போ மறுபடி வந்து உக்காருங்கண்ணா."

இஸ்திரிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முகம் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. துண்டை எடுத்தால் அவளைப் பார்க்க வேண்டும். "வர்றேம்மா," என்று துணிக்குள்ளிருந்தே சொன்னார்.

அவள் போனதும் மனைவி கதவைச் சாத்தினாள். உள்ளே போய், நறுக்கிக்கொண்டிருந்த காய்களின் முன்னால் உட்கார்ந்தாள். கத்தியை எடுக்கவில்லை.

"என்ன செய்யப் போறீங்க?" என்றாள்.

"எதை?"

"எனக்குத் தெரியுங்க. ஒரு நாள் உங்க சாப்பாட்டு டப்பா மாறிப்போச்சுன்னு எடுத்துட்டு வந்தேன். சாமியாரா, அவர் சிற்றாலயத்துலதான் இருப்பார்னு சொன்னாங்க. வந்து பின்னாடி நின்னேன். குறட்டை விட்டுட்டு இருந்தீங்க. சின்னதாத்தான். பக்கத்துல யாரும் இல்ல. அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

அவருக்குக் காது மடல் வரை சூடேறியது. கொதிகலன் அறையில் ஏறாத சூடு. "எப்போ?"

"ரொம்ப நாளாச்சு."

"ஏன் சொல்லல?"

அவள் ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள். "முதல்ல சிரிப்பா இருந்துச்சு. அப்புறம் கோவில்ல ஒவ்வொருத்தரா வந்து கையைப் பிடிச்சாங்க. இத்தனை வருஷமா நான்தான் பூசைக்கு வாங்க வாங்கன்னு உங்களை இழுத்துட்டுப் போயிருக்கேன். ஒருத்தியும் என்கிட்ட அப்படி வந்து பேசினதில்ல. நானும் தலையாட்டிட்டேன்." கத்தியைத் தள்ளி வைத்தாள். "உங்களை மட்டும் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் அந்தச் சின்னச் சமையலறையில் இருந்தார்கள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் சண்டை போட்டிருக்கிறார்கள், பேசாமல் இருந்திருக்கிறார்கள். இப்படி இரண்டு பேரும் சேர்ந்து தலைகுனிந்து உட்கார்ந்ததில்லை.

சனிக்கிழமை அவர் செய்த பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். பல வருஷத்துக்குப் பிறகு. பங்குச் சாமியாருக்கு அவருடைய மூத்த மகன் வயதுதான் இருக்கும்; ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். வலைத்தடுப்புக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டதும் பழக்க தோஷத்தில் நெற்றி தானாகச் சாயப் பார்த்தது. அதை அவர் பிடித்து நிறுத்தினார். தூங்கியதைச் சொன்னார், சாமியார் என்ற பட்டப்பெயரைச் சொன்னார், முட்டி வலியைச் சொன்னார். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில்தான் பெயிண்டரின் மனைவியைச் சொன்னார்.

"தூங்கினது கிடக்கட்டும்," என்றது உள்ளிருந்த குரல். "நானே சில நாள் கண்ணசந்திருக்கேன். அந்தம்மா உங்ககிட்ட ஒண்ணு கொடுத்தாங்களே, அதை என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல, ஃபாதர். அப்படியே வெச்சிருக்கேன்."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

உள்ளே ஒரு தடவை மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பரிகாரமா ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லுங்க."

"ஒண்ணா? ஒண்ணே ஒண்ணா, ஃபாதர்?"

"ஒண்ணுதான். முழுசாச் சொல்லுங்க."

இவ்வளவு சல்லிசாகவா விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டே கோவிலின் நடுவில் போய் நின்றார். முழந்தாளிடப் பயந்து நின்றுகொண்டே தொடங்கினார். வாய் ஜெபத்தை வழுக்கிக்கொண்டு போய் முடித்துவிட்டது. முடித்த பிறகு பார்த்தால் மனசு சலவை நிலையத்தில் ஒரு பட்டுச் சட்டையின் கழுத்துப் பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இது கணக்கில் வராது. மறுபடி தொடங்கினார். இந்தத் தடவை பாதியில், தான் எவ்வளவு அழகாக நின்று ஜெபிக்கிறோம் என்ற எண்ணம் வந்தது. பின்னால் உட்கார்ந்திருக்கிற யாராவது பார்க்கிறார்களா என்றுகூட ஒரு கண் தேடியது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. சின்ன வயதிலிருந்து ஆயிரக்கணக்கில் சொல்லிய ஜெபம், மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்துவிடுகிற ஜெபம், அதை முழுசாக ஒரு தடவை சொல்ல அவரால் முடியவில்லை. கோவில் கதவுகளைச் சாத்துகிறவர் ஒவ்வொரு ஜன்னலாக இழுத்து மூடிக்கொண்டே வந்து, அவர் பக்கத்தில் நின்று கனைத்தார். அவர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்.

அங்கேதான், தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில், மறுபடி ஜெபத்தைத் தொடங்கி, எங்களுக்காக இப்பொழுதும் வேண்டிக்கொள்ளும் என்று கேட்கிற இடத்தில், இப்பொழுதும் என்ற சொல்லுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். இத்தனை வருஷமும் அந்தச் சொல்லின்மேல் காலே படாமல் தாண்டி ஓடியிருக்கிறார். இப்பொழுது என்றால் இப்பொழுது. இந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் நெஞ்சில் சளியோடு கிடக்கிறான், இப்பொழுது. அவன் முகம்கூட அவருக்குத் தெரியாது. எங்கள் இறப்பின் வேளையிலும் என்ற அடுத்த சொற்களைச் சொல்ல அவருக்கு வாய் கூசியது. சொன்னார். ஆமென் என்று முடித்தார். நிம்மதி எதுவும் வரவில்லை. போய்ச் சொல்லியே ஆக வேண்டும் என்பது மட்டும், தலையில் வைத்த துணி மூட்டைபோல, உறுதியாக இறங்கி உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மனைவியிடம், "நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன்," என்றார். அவள் நானும் வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். அவள் அவருடைய சட்டையின் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துவிட்டாள். சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை.

பெயிண்டரின் மனைவி வார்டுக்கு வெளியே நீளமான நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர எழுந்தாள். அந்த மலர்ச்சிதான் அவரைக் கொன்றது. அவள் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே தொடங்கினார்.

"தங்கச்சி, நான் ஜெபம் பண்ணல."

அவளுக்குப் புரியவில்லை. "இன்னிக்கா?"

"என்னிக்குமே பண்ணல. அங்க ஏசி இருக்கு. நான் தூங்கத்தான் போவேன். நீங்க வந்து எழுப்பினப்பவும் தூங்கிட்டுத்தான் இருந்தேன். அது அழுத கண்ணு இல்ல. நீங்க கேட்டதும் சரின்னு சொல்லிட்டேன். ஒரு நாளும் சொல்லல. நேத்துதான் ஒண்ணே ஒண்ணு சொன்னேன். அதுவும் ஃபாதர் சொன்னதால."

ஒரு தள்ளுவண்டி அவர்களுக்கு நடுவே போக வேண்டியிருந்தது. இருவரும் ஆளுக்கொரு சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். வண்டி போன பிறகும் அவள் அந்தச் சுவரோரமே நின்றாள்.

"அப்ப யாரு ஜெபிச்சாங்க?" என்றாள்.

அவர் வார்டுக் கதவைப் பார்த்தார்.

"விரலை அசைச்சாரே. அப்ப யாரு ஜெபிச்சாங்க?" கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள். பிறகு அவளாகவே, "நானும் பண்ணல. நீங்க பார்த்துப்பீங்கன்னு விட்டுட்டேன். ஒரு வார்த்தைகூடச் சொல்லல," என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தார். அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் இன்னும் சுலபம். போய்விடலாமா, போகச் சொல்கிற வரை நிற்க வேண்டுமா என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

வெகுநேரம் கழித்து அவள் நிமிர்ந்தாள். அண்ணா என்று கூப்பிடவில்லை.

"உங்களுக்கு இப்ப வேலை இருக்கா?"

"இல்ல. இன்னிக்கு லீவு."

"அப்ப உள்ள போய் அவர் பக்கத்துல உக்காருங்க. நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு வரணும். கூட இருக்க ஆள் இல்லாம போகவே முடியல." எழுந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "நர்ஸ் கேட்டா சொந்தக்காரர்னு சொல்லுங்க. உதடு காய்ஞ்சா பஞ்சுல தண்ணி தொட்டு வைக்கணும். கிண்ணம் தலைமாட்டுல இருக்கு." இரண்டு எட்டு வைத்தவள் திரும்பினாள். "அங்க தூங்கிடாதீங்க."

உள்ளே வரிசையாகக் கட்டில்கள். ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் பெயிண்டர் கிடந்தார். தலையில் கட்டு, மூக்கில் குழாய். இஸ்திரிக்காரர் நினைத்திருந்ததைவிட இளைய முகம். போர்வைக்கு மேல் கிடந்த கையில், எத்தனை பேர் துடைத்தும் போகாத வெள்ளைப் பெயிண்ட் நகக்கண்களில் ஒட்டியிருந்தது. மூச்சு உள்ளே போகும்போது அடித்தொண்டையில் கரகரவென்று ஏதோ புரண்டது. இஸ்திரிக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர்கள் பழம் உரித்துக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே முகத்தை மூடிக்கொள்ள எதுவும் இல்லை, சாய்ந்துகொள்ளவும் எதுவும் இல்லை.

பஞ்சை நனைத்து அந்த வெடித்த உதடுகளில் ஒற்றினார். பிறகு, முன்னால் கிடந்தவர் காதில் மட்டும் விழும்படி, அருள்நிறைந்த மரியே என்று தொடங்கினார். வீட்டில் குடும்ப ஜெபத்தில் ஒருவர் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர்கள் மறு பாதியைச் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில், முதல் பாதி முடிந்ததும் அவர் குரல் தானாக நின்றது. யாரும் பதில் சொல்லவில்லை. மறு பாதியையும் தானே சொன்னார். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார், நின்றார், தானே சொன்னார். எத்தனை சொன்னார் என்று அவர் எண்ணவில்லை. ஒன்றிரண்டு தடவை மனசு நழுவி எங்கேயோ போனது. அந்தக் கரகரத்த மூச்சு ஒவ்வொரு தடவையும் அதை இழுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்கு முன்னால் நிறுத்தியது.

பக்கத்துக் கட்டில்காரர்களில் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இஸ்திரிக்காரருக்கு வெட்கமாக இருந்தது. நிறுத்தவில்லை.

மறுபடி ஒரு முதல் பாதியைச் சொல்லி அவர் நின்ற இடத்தில், பெயிண்டரின் உதடுகள் அசைந்தன. தண்ணீருக்காகவா, வலியிலா, வெறும் மூச்சு இடறியதா, சொல்ல முடியவில்லை. கண்கள் மூடியேதான் இருந்தன. இஸ்திரிக்காரர் பஞ்சைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஸ்டூலிலிருந்து மெல்ல எழுந்து, ஒரு கையைக் கட்டில் கம்பியில் ஊன்றிக் குனிந்து, தன் காதை அந்த உதடுகளுக்கு மிக அருகில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக் காத்துக்கொண்டிருந்தார்.